கடையில் ஆறு பாகம்! அடுத்தது எதை வாங்குவது?

"அப்பா, ஆட்டத்தில் புதுப் பாகம் வந்திருக்கிறது. வாங்கித் தாருங்கள்!"

கம்ப்யூட்டரில் விளையாடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தக் குரல் கேட்கிறது.

அப்பாவுக்குப் புரிவதில்லை. "போன வருஷம்தானே வாங்கினோம்? அதே ஆட்டத்துக்கு மறுபடியும் பணமா?" என்று கேட்கிறார்.

இரண்டு பேர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பிள்ளை கேட்பது ஏமாற்று அல்ல. அப்பா தயங்குவதும் கஞ்சத்தனம் அல்ல.

இது என்ன ஆட்டம்? பாகம் என்றால் என்ன? எதை முதலில் வாங்கினால் காசு வீணாகாது? பார்ப்போம்.

வேஷம் கட்டும் ஆட்டம்

தெருக்கூத்தில் ஒருவர் அர்ச்சுனன் வேஷம் கட்டுகிறார். விடியும் வரை அவர் அர்ச்சுனன்தான். இந்தக் கம்ப்யூட்டர் ஆட்டமும் அப்படியே. ஆடுகிறவர் ஒரு வேஷத்தைத் தேர்ந்தெடுக்கிறார். போர்வீரன் ஆகலாம். மந்திரவாதி ஆகலாம். வில்லாளி ஆகலாம்.

இண்டர்நெட் வழியாக ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே உலகத்தில் ஒரே நேரத்தில் நடமாடுகிறார்கள். சேர்ந்து பூதங்களோடு சண்டை போடுகிறார்கள். ஜெயிக்க ஜெயிக்க அவர்களுடைய 'லெவல்' உயர்கிறது. பள்ளிக்கூடத்தில் வகுப்பு ஏறுவது போல.

சினிமா மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். இந்த ஆட்டம் முடிவதே இல்லை. ஆடியவர்களுக்கு அலுப்புத் தட்டாமல் இருக்க வேண்டுமே! ஆகவே கம்பெனி ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புதிய நாடு, புதிய கதை, புதிய வித்தைகள் எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கட்டி விற்கிறது. இதற்கு 'எக்ஸ்பான்ஷன்' என்று பெயர். நாம் 'பாகம்' என்று சொல்வோம்.

இது புதிய வழக்கம் அல்ல. அமெரிக்காவில் 1999-ஆம் ஆண்டில் 'எவர்க்வெஸ்ட்' என்ற ஆட்டம் வெளிவந்தது. மறு ஆண்டே, 2000-இல், அதன் முதல் பாகம் வந்தது. அதுவரை 50-ஆவது லெவல்தான் உச்சி. புதிய பாகம் அதை 60 ஆக்கிவிட்டது. 50-இல் நின்றவர்கள் மறுபடியும் ஏணியில் ஏற வேண்டியதாயிற்று.

மாடி வீடும் முற்றத்து வீடும்

எல்லா ஆட்டத்திலும் பாகம் ஒரே மாதிரி அல்ல. இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சில ஆட்டங்கள் மாடி வீடு போன்றவை. ஒரு மாடி மேல் இன்னொரு மாடி. கீழ் மாடியில் ஏறாமல் மேல் மாடிக்குப் போக முடியாது. புதிய மாடி எழும்பியதும் பழைய மாடியில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும்.

உலகப் புகழ் பெற்ற 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' இந்த வகை. 2004-இல் அது வந்தபோது உச்ச லெவல் 60. 2007-இல் வந்த பாகம் அதை 70 ஆக்கியது. 2008-இல் 80. இப்படியே போய் 2018-இல் 120-ஐத் தொட்டது! ஏணி அளவுக்கு மீறி நீண்டுவிட்டது. 2020-இல் கம்பெனியே ஏணியை வெட்டிக் குறைத்தது. 120-இல் நின்றவர்கள் ஒரே நாளில் 50-க்கு இறங்கினார்கள்.

அங்கே எதை வாங்குவது என்ற கேள்வியே எழாது. சந்தா கட்டுகிறவர்களுக்குப் பழைய பாகங்கள் 2018 முதல் சேர்ந்தே கிடைக்கின்றன. காசு கொடுத்து வாங்க வேண்டியது ஆகப் புதிய பாகம் ஒன்றுதான்.

ஜப்பானியரின் 'ஃபைனல் ஃபேண்டஸி 14' ஆட்டமும் மாடி வீடுதான். கதையை வரிசையாகத்தான் ஆட வேண்டும். புதிய பாகத்தை வாங்கினால் பழைய பாகங்களும் அதோடு கிடைத்துவிடும். இது தெரியாமல் பழையதைத் தனியாக வாங்கிவிட்டுப் பிறகு புதியதையும் வாங்குகிறவர், ஒரே பொருளுக்கு இரண்டு முறை பணம் கொடுத்தவர் ஆகிறார்.

வேறு சில ஆட்டங்கள் முற்றத்து வீடு போன்றவை. நடுவில் முற்றம். சுற்றிலும் அறைகள். எந்த அறையை முதலில் திறந்தாலும் குற்றம் இல்லை. இப்படிப்பட்ட ஆட்டத்தில்தான் "அடுத்தது எது?" என்ற கேள்வி உண்மையாக எழுகிறது.

அதற்கு நல்ல உதாரணம், 'கில்டு வார்ஸ் 2'.

சந்தா இல்லாத ஆட்டம்

அமெரிக்காவில் சியாட்டில் நகருக்கு அருகே பெல்வியூ என்ற ஊர் இருக்கிறது. அங்கே 'அரினாநெட்' என்ற கம்பெனி இருக்கிறது. தென் கொரியாவின் 'என்.சி.சாஃப்ட்' கம்பெனிக்குச் சொந்தமானது. இந்தக் கம்பெனி 2012 ஆகஸ்ட் 28-ஆம் தேதி 'கில்டு வார்ஸ் 2' ஆட்டத்தை வெளியிட்டது.

இதற்கு மாதச் சந்தா கிடையாது. 2015 முதல் அடிப்படை ஆட்டமும் இலவசம். இதுதான் வீட்டின் முற்றம். யாரும் உள்ளே வரலாம். இலவசமாக வருகிறவர்களுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. இரண்டு வேஷங்கள்தான் வைத்துக்கொள்ளலாம். சந்தையில் வாங்குவதிலும் விற்பதிலும் வரம்பு உண்டு. ஏதாவது ஒரு பாகத்தை வாங்கினால் இந்தக் கட்டுப்பாடுகள் நீங்கும்.

உச்ச லெவல் 80. 2012-இலும் 80. இன்றும் 80. ஆறு பாகங்கள் வந்த பிறகும் ஏணி ஓர் அங்குலம்கூட நீளவில்லை! ஆயுதங்களும் அப்படியே. 2013-இல் வந்த உச்ச ரக ஆயுதத்துக்கு மேல் இன்னொரு ரகம் இதுவரை வரவில்லை. வியர்வை சிந்திச் சம்பாதித்த வாள் துருப்பிடிப்பதில்லை.

இதன் பொருள் என்ன? வாங்கத் தாமதித்தவர் பின்தங்குவதில்லை. இரண்டு வருஷம் ஆடாமல் இருந்துவிட்டு வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஆறு அறைகள்

இனி அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போம்.

முதல் பாகம், 'ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ்'. 2015 அக்டோபரில் வந்தது. அடர்ந்த காடு. மரத்தின் உச்சியில் ஓர் ஊர், வேரின் அடியில் ஓர் ஊர். இறக்கை கட்டிச் சறுக்கிப் பறக்கும் வித்தை இங்கே கிடைக்கும். பகைவர்கள் பொல்லாதவர்கள். வந்த புதிதில் "மிகவும் கஷ்டம்" என்று பலர் முறையிட்டார்கள். 2016-இல் கம்பெனி கொஞ்சம் இளக்கிக் கொடுத்தது.

இரண்டாவது, 'பாத் ஆஃப் ஃபயர்'. 2017 செப்டம்பர். பாலைவனம். இங்கே கிடைப்பது சவாரி மிருகங்கள். ஒன்று வேகமாக ஓடும். ஒன்று மலை உயரம் தாவும். ஒன்று தண்ணீர் மேல் மிதந்து போகும். அதுவரை நடந்தே திரிந்தவருக்கு இது ஒரு புதிய உலகம்.

மூன்றாவது, 'எண்ட் ஆஃப் டிராகன்ஸ்'. 2022 பிப்ரவரி. கிழக்காசிய நாடுகளின் சாயல் கொண்ட கான்தா என்ற தேசம். மீன் பிடிக்கலாம். படகு விடலாம். இரண்டு பேர் சேர்ந்து ஏறும் ராட்சத ஆமையும் உண்டு.

நான்காவது, 'சீக்ரெட்ஸ் ஆஃப் தி அப்ஸ்க்யூர்'. 2023 ஆகஸ்ட். வானத்தில் மிதக்கும் மந்திரவாதிகளின் கோட்டை. 'ஸ்கைஸ்கேல்' என்ற பறக்கும் மிருகம் இதில் சீக்கிரமே கைக்கு வரும். முன்பு அதைப் பெறுவதற்கு வாரக்கணக்கில் பாடுபட வேண்டியிருந்தது.

ஐந்தாவது, 'ஜாந்திர் வைல்ட்ஸ்'. 2024 ஆகஸ்ட். சொந்த வீடு கட்டி அலங்காரம் செய்யலாம். நிலத்தில் ஈட்டி பிடித்துச் சண்டை போடலாம்.

ஆறாவது, 'விஷன்ஸ் ஆஃப் எடர்னிட்டி'. 2025 அக்டோபர். கஸ்டோரா என்ற தீவு. ஒன்பது வேஷங்களுக்கும் ஆளுக்கொரு புதிய வித்தை வரிசை.

விலை எவ்வளவு? முதல் இரண்டு பாகங்களும் 2019 முதல் ஒரே கட்டாக விற்கப்படுகின்றன. அந்தக் கட்டின் விலை 30 டாலர். மூன்றாவது பாகம் 30 டாலருக்கு வெளிவந்தது. நான்கு, ஐந்து, ஆறு ஒவ்வொன்றும் 25 டாலருக்கு வெளிவந்தன. எல்லாம் சேர்ந்து 135 டாலர்.

ஒப்பிட்டுப் பாருங்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆட்டத்துக்கு அமெரிக்காவில் மாதச் சந்தா ஏறத்தாழ 15 டாலர். வருஷத்துக்கு 180 டாலர். ஆறு அறைகளையும் வாங்கினாலும் அந்த ஒரு வருஷச் சந்தாவைவிடக் குறைவுதான்.

ஆனால் 135 டாலரை ஒரே நாளில் கொட்ட வேண்டுமா? வேண்டியதில்லை!

வருஷம் ஒரு பாகம் ஏன்?

பாகம் வெளிவந்த தேதிகளை மறுபடியும் பாருங்கள். 2015, 2017, 2022. பிறகு 2023, 2024, 2025.

முதலில் இடைவெளி நீளம். பிறகு வருஷத்துக்கு ஒன்று. இந்த மாற்றம் ஏன்?

சந்தா இல்லாத கம்பெனிக்கு வருமானம் இரண்டு வழியில்தான் வரும். ஒன்று, பாகங்களை விற்பது. இன்னொன்று, ஆட்டத்துக்குள்ளேயே இருக்கும் கடை. அங்கே 'ஜெம்' என்ற ரத்தினக் காசு செல்லும். 10 டாலருக்கு 800 ஜெம். உடை, அலங்காரம், சில சௌகரியங்கள் எல்லாம் அங்கே கிடைக்கும்.

2017-க்குப் பிறகு நாலரை வருஷம் புதிய பாகம் எதுவும் வரவில்லை. இடையில் 2019 பிப்ரவரியில் கம்பெனி பலரை வேலையிலிருந்து நிறுத்தியது. பெரிய பாகத்தைச் செய்து முடிக்க வருஷக்கணக்காகிறது. அதுவரை சம்பளம் கொடுக்க வேண்டுமே!

ஆகவே 2023-இல் கம்பெனி வழியை மாற்றியது. பாகம் சிறிது. விலையும் சிறிது. ஆனால் வருஷந்தோறும் ஒன்று. கதை முழுவதும் முதல் நாளிலேயே வருவதில்லை. பத்திரிகையில் தொடர்கதை வருவது போல, முதலில் ஒரு பகுதி, மீதி அடுத்த மாதங்களில் தவணையாக வரும். அதற்குத் தனிப் பணம் இல்லை.

கம்பெனிக்கு இது நல்லது. ஒழுங்காகப் பணம் வரும். வேலையாட்களின் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது.

வாங்குகிறவருக்கு? இங்கேதான் கவனிக்க வேண்டும். முதல் நாளில் வாங்குகிறவர் முழு விலை கொடுத்து முதல் அத்தியாயங்களைப் பெறுகிறார். ஒரு வருஷம் பொறுத்து வாங்குகிறவர் முழுக் கதையையும் பெறுகிறார். தள்ளுபடியிலும் வாங்கலாம். முதல் இரண்டு பாகக் கட்டு பாதி விலைக்கு வந்த நாட்களும் உண்டு.

2015-இல் வந்த கோபம்

அவசரப்பட்டவர்கள் மனம் புழுங்கிய கதையும் ஒன்று உண்டு.

2015 ஜூன் மாதம் முதல் பாகத்துக்கு முன்பணம் வாங்கத் தொடங்கினார்கள். விலை 50 டாலர். அதை வாங்கினால் அடிப்படை ஆட்டம் இலவசம் என்றார்கள்.

பழைய ஆட்டக்காரர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்கள் ஆட்டத்தை ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்கள். நேற்று வந்தவனுக்கு இரண்டும் 50 டாலர். எங்களுக்குப் பாகம் மட்டும் 50 டாலரா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி! கம்பெனி இறங்கி வந்தது. பழையவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேஷம் வைத்துக்கொள்ளும் இடம் கொடுத்தது.

இரண்டாவது பாகம் 2017-இல் 30 டாலருக்கு வந்தது. 2019-இல் அந்த 30 டாலரிலேயே முதல் பாகமும் அடங்கிவிட்டது. 50 டாலர் கொடுத்த பொருள், நாலு வருஷத்தில் இனாமாகச் சேர்ந்து வந்தது!

முதல் நாளில் ஆடும் சந்தோஷத்துக்கு ஒரு விலை உண்டு. அது தெரிந்து கொடுத்தால் தவறில்லை. தெரியாமல் கொடுப்பதுதான் நஷ்டம்.

அடுத்தது எது?

இப்போது தலைப்புக் கேள்விக்கு வருவோம்.

இலவசமாக ஆடிக்கொண்டிருக்கிறவர், 80-ஆவது லெவலை எட்டும் வரை எதையும் வாங்க வேண்டாம். பாகங்களின் நாடுகள் 80-ஐ எட்டியவர்களுக்காகவே செய்யப்பட்டவை. பாகத்தோடு, ஒரேயடியாக 80-க்குத் தூக்கிவிடும் சீட்டு ஒன்றும் கிடைக்கும். புதியவர் அதை உடனே பயன்படுத்தினால், நீச்சல் தெரியாதவரை ஆழ்கிணற்றில் இறக்கியது போல ஆகும்.

80-ஐ எட்டியவருக்கு முதல் இரண்டு பாகக் கட்டுதான் முதல் கொள்முதல். காரணம், அதில் கிடைக்கும் வித்தைகள் உலகம் முழுவதும் உதவும். சறுக்கிப் பறப்பதும் சவாரி மிருகங்களும் பழைய இடங்களிலும் வேலை செய்யும். வாங்கியது ஓர் அறை. வெளிச்சம் வருவதோ வீடு முழுவதும்!

"பழைய பாகத்தில் ஆள் இருப்பார்களா?" என்று சிலர் தயங்குவார்கள். மாடி வீட்டு ஆட்டத்தில் இந்தப் பயம் சரி. இங்கே அப்படி அல்ல. முதல் பாகத்தில் ஆரிக் பேசின் என்ற இடம் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அங்கே பெரிய சண்டை நடக்கும். புதியவர்களும் வருகிறார்கள், பழம் தின்று கொட்டை போட்டவர்களும் வருகிறார்கள். ஏணி நீளாததால் எந்த இடமும் பாழாகவில்லை.

அதற்குப் பிறகு மனம் எதை நாடுகிறதோ அது. கதை வரிசை விட்டுப்போகக் கூடாது என்கிறவர் மூன்றாவது பாகத்தை வாங்கலாம். பறந்து திரிய ஆசைப்படுகிறவர் நான்காவதை வாங்கலாம். வீடு கட்டி அழகு பார்க்க விரும்புகிறவர் ஐந்தாவதை வாங்கலாம்.

ஆகப் புதியது யாருக்கு? மற்ற ஐந்தையும் முடித்தவருக்கு. அல்லது, சேர்ந்து ஆடும் நண்பர்கள் எல்லோரும் அங்கே போய்விட்டால், அவர்களோடு போக விரும்புகிறவருக்கு. துணைக்கு ஆள் இருப்பதுதான் இந்த ஆட்டத்தின் ருசி. நண்பனுக்காகப் புதியதை வாங்குவதும் நல்ல காரணமே. "புதிது" என்ற ஒரே காரணம் மட்டும் போதாது.

மூன்று விலைப் பலகைகள்

இன்னொரு எச்சரிக்கை. ஒரே பாகத்தை மூன்று விலையில் விற்பார்கள். மூன்றாவது பாகம் 30, 55, 80 டாலர் என்று மூன்று தரமாக வந்தது.

நாடும் கதையும் சண்டையும் மூன்றிலும் ஒன்றே. அதிக விலையில் கிடைப்பது அலங்காரப் பொருள்கள், ரத்தினக் காசு போன்றவைதான். 80 டாலர் கொடுத்தவர் 30 டாலர் கொடுத்தவரைவிட ஓர் அடி நிலம்கூட அதிகம் பார்ப்பதில்லை. ஆட விரும்புகிறவருக்குக் குறைந்த விலையே போதும்.

பெற்றோர்களே, பிள்ளை வந்து கேட்டால் உடனே "சரி" என்றும் சொல்ல வேண்டாம். "கூடாது" என்றும் சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்கார வைத்து நான்கு கேள்வி கேளுங்கள்.

போன தடவை வாங்கிய பாகத்தை ஆடி முடித்துவிட்டாயா?

இந்தப் பாகத்தில் உனக்கு வேண்டியது என்ன? அதன் பெயரைச் சொல், பார்ப்போம்.

உன்னோடு ஆடுகிறவர்கள் எந்தப் பாகத்தில் இருக்கிறார்கள்?

மூன்று மாதம் பொறுத்தால் நீ இழப்பது என்ன?

முதல் மூன்று கேள்விக்கும் தெளிவான பதில் வந்தால் வாங்கிக் கொடுக்கலாம். குறைந்த விலைப் பலகையில், ஒரே ஒரு பாகம். வாங்கிய பிறகு உங்கள் வங்கி அட்டையின் எண்ணைக் கடையில் பதித்து வைக்காதீர்கள். பாகம் ஒரு முறைச் செலவு. ரத்தினக் கடையோ தினமும் திறந்திருக்கும் கடை.

நான்காவது கேள்விக்கு, இந்த ஆட்டத்தைப் பொறுத்தவரை, பதில் ஒன்றுதான்: அநேகமாக ஒன்றுமில்லை!

ஏணி நீளவில்லை. வாள் துருப்பிடிக்கவில்லை. காடும் பாலைவனமும் அங்கேயே இருக்கின்றன. அவசரம் ஆட்டத்தில் இல்லை, விளம்பரத்தில்தான் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிள்ளை, நாளைக்குச் சைக்கிள் வாங்கும்போதும் வீடு வாங்கும்போதும் இதே கணக்கைப் போட்டுப் பார்ப்பான்.

ஓர் அறையைத் திறக்கட்டும். மூலை முடுக்கெல்லாம் சுற்றிப் பார்க்கட்டும். பிறகு அடுத்த சாவியைக் கேட்கட்டும்.